ஒப்பட்டுக் கையால் ஒரு வெண்ணெய் ரொட்டி

முதல் ரொட்டியை எருமை தின்றது. உடனே தின்னவில்லை. முகர்ந்து பார்த்தது, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, பிறகுதான் வாய் வைத்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அந்த எருமையின் பாலில் எடுத்த வெண்ணெய்தான் ரொட்டிக்குள் 180 கிராம் போயிருந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

தை மாதம் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு ரொட்டி வாங்கி வந்திருந்தாள். மேல்புறம் வெல்லப்பாகு நிறத்தில் பளபளவென்று இருந்தது. பிய்த்தால் வெட்டுப்பட்டது போல உடையாமல் இழை இழையாக வந்தது. வாயில் வைத்ததும் வெண்ணெய், அடுத்து இனிப்பு, விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் தயிர்ச்சாதம் சாப்பிட்டாற்போல ஒரு துளிப் புளிப்பு. பெயர் பிரியோஷ் என்றாள். ஈஸ்ட் போடாமல், வீட்டில் புளிக்க வைத்த மாவைக் கொண்டே எழுப்பியது என்றாள். விலையையும் சொன்னாள். கையில் இருந்த துண்டை அத்தை தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். “அந்தக் காசுக்கு வீட்டுக்கே நெய் காய்ச்சலாம்” என்றார். யாரும் பார்க்காத நேரத்தில் அந்தத் துண்டு தட்டிலிருந்து காணாமல் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிரியோஷ் பிரெஞ்சுக்காரர்களின் ரொட்டி. வெண்ணெய்க்குப் பேர்போன நார்மண்டிப் பக்கத்தோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டுமே’ என்று ஒரு ராணி சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். பிரெஞ்சு வாசகத்தில் இருப்பது கேக் அல்ல, இந்தப் பிரியோஷ்தான். அந்த ராணி என்று சொல்லப்படும் மரி அந்துவானெத் அப்படிச் சொன்னதற்குச் சான்றே கிடையாது. ஆனாலும் அந்தப் பழி ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பது, கட்டி கட்டியாக வெண்ணெயை மாவுக்குள் தள்ளும்போது நன்றாகவே விளங்குகிறது. பணக்கார வகையில் மாவின் எடையில் பாதிக்கு மேல் வெண்ணெய் போகுமாம். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. எருமை ஒன்றுதான் இருக்கிறது.

ஈஸ்ட் இல்லாமல் என்றதும் எனக்குப் பயம் வரவில்லை. கூழ் புளிக்க வைத்துப் பழகிய வீடு. ராகி மாவைக் கரைத்து இரவில் மூடி வைத்தால் காலையில் அது தானே புளித்திருக்கும். அதற்கு வேண்டிய நுண்ணுயிர்கள் மாவோடேயே வருகின்றன. அதே துணிச்சலில் 50 கிராம் ராகி மாவு, 50 கிராம் தண்ணீர் என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து வைத்தேன். இரண்டாம் நாளே குமிழ் விட்டது. ஆனால் ஏறவில்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப் புரதம் ராகியில் கிடையாது. உண்டாகும் காற்றைப் பிடித்து வைக்க வலை இல்லாததால் அது கூழ் போலவே பொங்கி அடங்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பாதியை எடுத்துவிட்டு, கோதுமை மாவும் மைதாவும் சரிபாதியாகச் சேர்த்து ஊட்டினேன். நான்காம், ஐந்தாம் நாட்களில் குமிழே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்துக் கழுநீர்ப் பானையில் ஊற்றப் போனேன். அத்தைதான் தடுத்தார். முதலில் ஆடுகிறவை ஒரு வகைப் பாக்டீரியாக்கள். மாவு புளிக்கப் புளிக்க அவை அடங்கிவிடும், அப்புறம்தான் காட்டு ஈஸ்ட் தலை எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பலரும் கொட்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது. பதினோராம் நாள், ஊட்டிய ஐந்து மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காக ஏறி நின்றது. மேலும் ஒரு வாரம் ஊட்டிப் பழக்கிய பிறகே ரொட்டிக்கு எடுத்தேன். தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படி இது. வீட்டில் இதற்குப் புளிமாவு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் முறை செய்த தப்பு, புளிமாவைத் தோசை மாவுப் பதத்தில் நீர்க்க வைத்திருந்து அப்படியே மாவில் ஊற்றியது. பதினான்கு மணி நேரம் காத்திருந்தேன். ஏறவே இல்லை. இந்த ரொட்டியில் சர்க்கரை நிறைய. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் தவித்துப்போகும். ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைத்தான் சர்க்கரையும் செய்கிறது. ஈஸ்ட் தவித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாக்டீரியா சளைக்காமல் புளிப்பை ஏற்றியது. அடுப்பிலிருந்து வந்தது செங்கல்; வாசனை காடி. மிச்சம் எருமைக்குப் போனது.

அதற்கு மாற்று எளிது. ரொட்டிக்கென்று தனியாக ஒரு முன்மாவு எடுக்க வேண்டும். அது பூரி மாவுபோல் கெட்டியாக இருக்க வேண்டும். அதிலேயே கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்திருக்க வேண்டும். கெட்டியும் இனிப்பும் சேர்ந்தால் புளிப்பு ஏற்றுகிற பாக்டீரியா மட்டுப்படும், ஈஸ்ட்டும் இனிப்புக்குப் பழகிக்கொண்டு மாவுக்குள் வரும். நான் வைப்பது: ஊட்டி ஏறி நிற்கும் புளிமாவு 40 கிராம், மைதா 100 கிராம், தண்ணீர் 45 கிராம், சர்க்கரை 15 கிராம். இரவு பத்து மணிக்குப் பிசைந்து உருட்டி வைத்தால் விடியற்காலை ஐந்துக்கு மூன்று மடங்காகி, பிளந்து பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும்.

இரண்டாம் ரொட்டி ஏறியது, ஆனால் ரொட்டியாக ஆகவில்லை. கேக் போல உதிர்ந்தது. இழையே இல்லை. ஏன் என்று எனக்கு ஒரு மாதம் புரியவில்லை. விடை உகாதி அன்று என் வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்தது.

உகாதிக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒப்பட்டு. மற்ற ஊர்களில் போளி என்பது இங்கே ஒப்பட்டு. இனிப்புக் கடைப் போளியின் தடிமனில் கால்வாசிகூட இருக்காது. அத்தையின் ஒப்பட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே பூரணம் நிழலாகத் தெரியும். அது பூரணத்தின் திறமை அல்ல, மேல்மாவின் திறமை. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் அந்த மேல்மாவைக் கணக என்பார்கள். மைதாவில் உப்பும் மஞ்சளும் போட்டு, கையில் ஒட்டி இழுபடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். தாம்பாளத்தில் தூக்கித் தூக்கி அடித்தார். அடிக்க அடிக்க ஒட்டல் குறைந்தது. அதன் பிறகே எண்ணெய்: ஒரு கரண்டி விட்டு, மாவு குடிக்கும் வரை இழுத்து மடித்து, அடுத்த கரண்டி. கடைசியில் எண்ணெய்க்குள்ளேயே இரண்டு மணி நேரம் ஊறப் போட்டார்.

“எண்ணெயை ஏன் முதலிலேயே விடவில்லை?” என்று கேட்டேன். முப்பது வருடமாகப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அன்றுதான் கேட்கத் தோன்றியது.

“மாவு முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். முதலிலேயே எண்ணெய் வைத்தால் வாயை மூடிக்கொள்ளும்” என்றார்.

நான் செய்த தப்பு அங்கே வெட்ட வெளிச்சமானது. முறுக்குக்குப் பிசறுவதுபோல் மைதாவில் வெண்ணெயை முதலிலேயே போட்டுப் பிசறியிருக்கிறேன். முறுக்கில் அப்படிச் செய்வது கரகரவென்று உடைய வேண்டும் என்பதற்காக. கொழுப்பு மாவுத்துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது; தண்ணீர் போகாத இடத்தில் குளூட்டன் இழை உண்டாகாது. இழைதான் எனக்கு வேண்டும், நானோ இழை வராமலிருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைக் கவனமாகச் செய்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களின் முறையும் அத்தையின் முறையும் ஒன்றுதான்: மாவை முதலில் ஜவ்வாக்கு, கொழுப்பைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

மூன்றாவது ரொட்டிக்கு அத்தையைத் தாம்பாளத்தின் முன் உட்கார வைத்தேன். முட்டை போட்ட மாவைத் தொட அவருக்குத் தயக்கம் இருக்குமோ என்று நினைத்தேன். “ஆம்லெட் போட்ட கைதானே” என்றார்.

அந்தப் பிசைதலைப் பக்கத்திலிருந்து பார்த்தபடியே சொல்கிறேன். மைதா, பிய்த்துப் போட்ட முன்மாவு, குளிர்ந்த முட்டை, குளிர்ந்த பால், எல்லாம் ஒன்றுசேர்ந்து சொரசொரவென்று ஒரு கட்டியாகும். மூடி அரை மணி நேரம் வைத்துவிட வேண்டும். பாதி வேலையை மாவு தானே செய்துகொள்ளும். பிறகு உப்பு சேர்த்து அடி. விரல்நுனிகளால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தாம்பாளத்தில் அறைந்து, கையில் இருக்கும் நுனியை அதன் மேலேயே மடித்துப் போட்டு, கால்வட்டம் திருப்பி மறுபடி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மாவு தாம்பாளத்தை விட்டுத் தானே எழுந்து வரும். சர்க்கரையை இரண்டு தவணையாகப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாவு சற்று இளகி, ஈரமாகி, மீண்டும் இறுகும்.

வெண்ணெய்த் துண்டு உள்ளே போகும்போது எல்லாமே கெட்டுப்போனது மாதிரி தோன்றும். அதுவரை ஒரே உருண்டையாக இருந்த மாவு கிழிந்து, வழுக்கும் துண்டுகளாகி, விரலிடுக்குகளில் வழியும். நானாக இருந்தால் இந்தக் கட்டத்தில் உலர்ந்த மாவு தூவிக் கெடுத்திருப்பேன். அத்தை ஒன்றும் தூவவில்லை. அவசரமும் படவில்லை. துண்டுகளை உள்ளங்கையால் தாம்பாளத்தோடு தேய்த்து, வழித்துச் சேர்த்து, திரும்பத் தேய்த்தார். இரண்டு நிமிடம் கழித்துச் சத்தம் மாறியது. சளக்சளக்கென்று இருந்தது பட்டென்று ஒரே சத்தமாகக் கேட்டது. மாவு வெண்ணெயைக் குடித்துவிட்டது. அடுத்த துண்டு. 180 கிராமும் போய் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இறுதியில் ஒரு கோலியளவு கிள்ளி நான்கு விரல்களுக்கு நடுவில் விரித்தார். ஜன்னல் வெளிச்சமும் என் முகமும் அதன் வழியே தெரிந்தன, கிழியவில்லை. “இது ஒப்பட்டு மாவுதானே, இதற்கா மூன்று மாதம்?” என்றார்.

அது கடைசிப் பிரச்சினையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தது வெண்ணெய். சொந்த எருமை என்ற பெருமையில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயை நேராகப் போட்டதில் ஒரு தடவை மாவு தளர்ந்து ஓடிற்று, இன்னொரு தடவை சரியாக வந்தது. காரணம் அதற்குள் இருந்த தண்ணீர். கடையில் டேபிள் பட்டர் என்று விற்கும் வெண்ணெயில் 80 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு வெண்ணெய்க்கு எந்த விதியும் கிடையாது. கடைந்தவர் எவ்வளவு பிழிந்தாரோ அவ்வளவுதான். 100 கிராம் எடுத்து உருக்கிப் பார்த்தேன், 74 கிராம் நெய்தான் நின்றது. மீதி நீரும் கசடும். அதன் பிறகு ஐஸ் தண்ணீரில் மூன்று முறை கழுவி, மரக்கரண்டியால் தட்டின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி நீர்முத்துகள் வருவது நிற்கும் வரை பிழிந்து, மெல்லிய துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். அடுத்த சோதனையில் 82 கிராம். இப்போது அதையேதான் செய்கிறேன். வீட்டு வெண்ணெய் இல்லாதவர்கள் உப்பில்லாத வெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். உப்பு போட்டதுதான் கிடைத்தது என்றால் செய்முறை உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நெய் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாசனை தூக்கும், ஆனால் நெய் பிசையும்போதே ஓடிவிடும், நான் ஒரு தடவை போட்டேன், இரண்டாம் தடவை போடவில்லை.

பிறகு வெயில். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டியதும் எண்ணெயாகிவிடும். சித்திரையில் எங்கள் சமையலறையில் பகல் பதினோரு மணிக்கே 35. ஒருநாள் நன்றாகப் பிசைந்த மாவு கண்ணெதிரே வியர்க்கத் தொடங்கி, தாம்பாளத்தில் மஞ்சள் குட்டையாக வெண்ணெய் தேங்கியது. ஒருமுறை பிரிந்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது கடினம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். அந்த மேட்டுக் குளிருக்கு அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆற்றங்கரையில் இருக்கும் எங்களுக்கு விடியற்காலைதான் கதி. மைதா, சர்க்கரை, முட்டை, பால், தாம்பாளம் உட்பட எல்லாமே முதல்நாள் இரவே குளிர்பெட்டிக்குள் போய்விடும். ஐந்து மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நடுவில் மாவு 26 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் குளிரில் வைக்கிறேன். வெப்பமானி இல்லையென்றால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும்.

இப்போது நிலைத்திருக்கும் அளவு, அரைக் கிலோ டின் இரண்டுக்கு: மேலே சொன்ன முன்மாவு முழுவதும் (200 கிராம்), மைதா 400 கிராம், முட்டை 4, பால் 80 கிராம், சர்க்கரை 70 கிராம், உப்பு 8 கிராம், வெண்ணெய் 180 கிராம். மைதா வாங்கும்போது பாக்கெட்டின் பின்னால் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமாவது இருப்பதைத்தான் எடுக்கிறேன். உதிரி மைதாவில் ஒருநாள் ஒரு குணம். தாராளமாக இருக்கட்டும் என்று சர்க்கரையை 100 ஆக்கிப் பார்த்தேன், ஏறுவதற்கு மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. பால் அளவை மட்டும் முட்டையின் பருமனைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பிசைந்து முடித்தபின் பாத்திரத்தில் ஒன்பது மணி வரை வெளியே. அதற்குள் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். பிறகு குளிர்பெட்டியில், இரவு பத்து வரை. குளிரில் வெண்ணெய் இறுகுவதால் மாவு சப்பாத்தி மாவுபோல் கைக்கு அடங்கும். அடங்காத மாவை உருட்ட முயன்று பாருங்கள், குளிரின் அருமை தெரியும். ஒவ்வொரு டின்னுக்கும் நான்கு உருண்டை, இழுத்து இறுக்கி வரிசையாக அடுக்கி, ஈரத்துணி மூடி இரவு முழுவதும் மண்பானைக்குப் பக்கத்தில். ஈஸ்ட் போட்ட ரொட்டி ஒன்றரை மணி நேரத்தில் ஏறும் ஏற்றத்துக்கு இதற்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். ஆனால் அந்த நேரம் நமக்குத் தூங்கும் நேரம்தான். காலையில் விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். முட்டை மஞ்சளில் ஒரு கரண்டி பால் கலந்து மேலே பூசி, ஓ.டி.ஜி. என்னும் மின் அடுப்பில் 175 டிகிரி, 35 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாள். சர்க்கரையும் முட்டையும் இருப்பதால் சீக்கிரம் கருகும். உள்ளே 93 டிகிரி ஆகிவிட்டால் வெந்தது. டின்னிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் தொடாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரம்தான் என் வீட்டில் யாராலும் முடியாதது.

மாதாந்திர மின்தடை நாளை நாள்காட்டியில் குறித்து வைக்காமல் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அடுப்புச் சூடாகும்போதே மின்சாரம் போயிற்று. மாலை ஐந்துக்குத்தான் வரும் என்றார்கள். மாவோ டின்னின் விளிம்பைத் தொட்டுவிட்டது. இரும்புக் கடாயில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் வளையம் வைத்து, டின்னை இறக்கி, மூடி போட்டு, சிறு தீயில் ஐம்பது நிமிடம். அடிப்புறம் கருமை, மேல்புறம் பச்சைக் குழந்தைக் கன்னம். அப்படியே பரிமாற மனம் வராமல், துண்டு போட்டு வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டேன். அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது: இந்த ரொட்டியின் இரண்டாம் நாள் ருசி முழுக்கத் தோசைக்கல்லில்தான் இருக்கிறது. உள்ளிருக்கும் வெண்ணெயே உருகி ஓரத்தை மொறுமொறுப்பாக்கும். தனியாக எண்ணெய் விடவே வேண்டாம்.

கூட என்ன வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் கட்சி பிரிந்திருக்கிறது. மகளுக்கு டிகாஷன் காபி போதும், சர்க்கரை குறைத்து. அவள் சொல்வது சரிதான். வெண்ணெய்க்குக் கசப்புத் துணை வேண்டும். என் கட்சி மாம்பழ ஜாம். ஆனி பிறந்தால் கிருஷ்ணகிரிச் சாலையில் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிப் போகும் வண்டிகள் வரிசை கட்டும். கிளிமூக்கு என்று மற்ற ஊர்களில் சொல்வார்களே, அதுதான். பழமாகச் சாப்பிட எங்களுக்கு அது மூன்றாம் தரம். செந்தூராவும் அல்போன்சாவும் இருக்கும்போது பெங்களூராவை யார் தொடுவது? ஆனால் ஜாமுக்கு அதை அடிக்க ஆளில்லை. பழுத்தும் ஒரு புளிப்பு விடாமல் நிற்கும். முக்கால் பழுத்த காயாக எடுத்து, ஒரு கிலோ விழுதுக்கு 450 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். செந்தூராவில் செய்த ஜாம் இந்த ரொட்டியோடு சேர்ந்தால் திகட்டுகிறது. இனிப்பின் மேல் இனிப்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது தக்காளி. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழும் நாட்களில் பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்க்க வயிறு எரியும். அப்படி விலை விழுந்த வாரத்தில் ஐந்து கிலோ வாங்கி வந்தேன். ஒரு கிலோவுக்கு 250 கிராம் வெல்லம், ஒரு கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கிராம்பு. தோல் உரித்து, நீர் சுண்டிக் கரண்டியில் ஒட்டும் வரை காய்ச்சியது. தொக்கும் இல்லை, ஜாமும் இல்லை. வாட்டிய துண்டின் மேல் இதை மெலிதாகத் தடவினால் வெண்ணெய், புளிப்பு, காரம் மூன்றும் வரிசையாக வருகின்றன. காரச் சட்னி மட்டும் வேண்டாம். பூண்டு வாசனை அந்த வெண்ணெயை அடித்துப் போட்டுவிடுகிறது. வீட்டுக்காரர் நாட்டுக்கோழிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார். இனிப்பு ரொட்டியில் குழம்பா என்று முதல் நாள் முகம் சுளித்தேன். மிளகு தூக்கலாக வைத்த நாளில் ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன். அதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவே சொல்ல முடியும்.

அத்தையின் கட்சி தனி. போன வாரம் உருண்டை பிடிக்கும் நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலக்காயும் அரைத்த பூரணம். “இந்த மாவை வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் சுடுகிறாயே” என்றார். மறுக்க முடியவில்லை. ஒரு டின் மாவை எட்டாகப் பிரித்து, ஒப்பட்டுக்கு மூடுவது போலவே பூரணத்தை மூடி, தட்டில் அடுக்கி ஏற விட்டு, 180 டிகிரியில் 18 நிமிடம் சுட்டோம். ஆறு உருண்டைகள் நன்றாகவே வந்தன. இரண்டில் பூரணம் கீழே பிளந்து, வெல்லம் தட்டில் ஒழுகிக் கரும்பாகாகி, அதைச் சுரண்டி எடுக்கத் தோசைத் திருப்பி தேவைப்பட்டது. சுரண்டிய துண்டை அத்தை வாயில் போட்டுக்கொண்டார். பூரணம் ஈரம் அதிகம், மூடிய இடம் மெலிது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாளைக்குக் கால் கிலோ பருப்பை இரவே ஊறப் போட்டுவிட்டார்.